வாசிக்கப்படாத மூன்றாம் ஓலை

போன தைமாதம் பழைய மாணவிகள் நாங்கள் கூடியபோது, சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கம்போல என்னைப் பிடித்து முன்னுக்கு நிறுத்தினீர்கள். "பாண்காரர் கதையைச் சொல்லடி" என்று கேட்டதும் நீங்கள்தான். நானும் கன்னத்தை ஊதி, சைக்கிள் ஹோர்னை வாயால் அடித்து, இடது காலை இழுத்து நடந்து காட்டி, ஒரு குறையும் வைக்காமல் சொன்னேன். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தவள்கூடக் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்று சிரித்தாள். இன்னொருத்திக்குக் கட்டுப்பல் கழன்றது. அன்று இரவு நான் மிகவும் சந்தோசமாக நித்திரை கொண்டேன்.

தோழியரே, அந்தச் சிரிப்பை நான் திருப்பி வாங்க வேண்டியிருக்கிறது. அந்தக் கதையில் ஒரு பொய் உண்டு. பெரிய பொய் இல்லை, ஒரே ஒரு சொல். ஆனால் கதை முழுவதும் அந்த ஒரு சொல்லின் தலையில்தான் நிற்கிறது. ஐம்பத்து மூன்று வருடங்களாக நிற்கிறது.

நீங்கள் கேட்ட கதையில் கள்ளி எங்கள் அம்மம்மா. மகளின் இரண்டாம் கலியாணத்தைப் பேத்தியின் வாயால் கெடுத்த பொல்லாத மனுசி. அவவை நான் நடித்துக் காட்டும்போது இடுப்பில் கையூன்றி, ஒரு கண்ணைச் சுருக்குவேன். அந்த இடத்தில்தான் நீங்கள் அதிகம் சிரிப்பீர்கள்.

சரி. முதலிலிருந்து சொல்கிறேன். இந்த முறை நடிப்பில்லை.

எங்கள் வீட்டில் மூன்று பேர்: அம்மம்மா, அம்மா, நான். அம்மம்மாவின் புருசன் அவவின் இருபத்தாறாவது வயதில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். என் அப்பா, எனக்கு நாலு வயதாயிருந்தபோது கடலுக்குப் போனார். வள்ளம் மட்டும் திரும்பி வந்தது. எங்கள் குடும்பத்து ஆண்கள் கலியாணம் கட்டி, ஒரு பெண்பிள்ளையைக் கொடுத்துவிட்டு, படமாகிச் சுவரில் ஏறிக்கொள்கிறவர்கள். இரண்டு படமும் ஒரே ஆணியில் தொங்கின. காற்றடித்தால் மாமனும் மருமகனும் முட்டிக்கொள்வார்கள்.

அம்மம்மாவுக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை. கருவாட்டு வாடியில் மீன் வெட்டி உப்புப் போடுகிற வேலை. விரல்நுனிகள் எப்போதும் வெளுத்து ஊறியிருக்கும். கரையில் நின்று கூப்பிட்டால் வள்ளத்தில் இருக்கிறவன் திரும்பிப் பார்க்கிற குரல். அம்மா தையல்காரி. கை மெசின் ஒன்று வைத்திருந்தா. அம்மா சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். அந்தத் தோள் குலுங்குவதைப் பார்ப்பதற்காகத்தான் நான் கோமாளி ஆனேன் என்று நினைக்கிறேன். கோயில் மூப்பர் நடக்கிற மாதிரி நடப்பேன், பங்குச் சுவாமி பிரசங்கத்தில் தும்முகிற மாதிரித் தும்முவேன். மூன்றுக்கு ஒரு தரமாவது தோள் குலுங்கும்.

பாண்காரர் தினமும் காலையில் உப்புக்குளத்துப் போறணையில் சுட்ட பாணைச் சைக்கிள் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வருவார். ஆள் வங்காலைப் பக்கம். எங்கள் தீவில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார். நாற்பதை நெருங்கியும் கலியாணம் கட்டாதவர். ஒரு கால் கட்டை. மற்ற வீட்டுப் படலைகளில் 'பாம் பாம்' என்று இரண்டு தரம் அடிப்பார். எங்கள் படலையில் ஒரு தரம், அதுவும் மெல்ல. அந்த வித்தியாசம் அந்த நாளில் என் காதில் ஏறவில்லை.

எனக்கு ஒவ்வொரு நாளும் ஒரு சீனிப் பணிஸ். "இண்டைக்கு ஆரைப் பிடிச்சனீ, பிள்ளை?" என்று கேட்பார். பிடித்தவரை நடித்துக் காட்டினால்தான் பணிஸ் கை மாறும். சிரித்தால் பெட்டி மூடி தடதடக்கும். ஒருநாள் அவருடைய முதுகுக்குப் பின்னால் அவரையே நடித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்துவிட்டார். இழுத்த காலோடு அப்படியே நின்றேன்.

"அப்பிடியில்லைப் பிள்ளை," என்றார். "இடது கால். நீ வலதை இழுக்கிறாய். ஆரெண்டு சனத்துக்கு விளங்காது."

நடந்து காட்டித் திருத்தியும் விட்டார். தை மாதத்தில் நீங்கள் பார்த்துச் சிரித்த நடை, அவரே பழக்கிவிட்ட நடை.

இனி, எனக்கு நாலு வயதில் நடந்த ஒன்று. அப்பா போய் ஐந்து மாதம். அம்மாவுக்கு வயிற்றில் பிள்ளை. ஒரு காலை, அறைக் கதவு சாத்தியிருந்தது, உள்ளே அம்மா கத்திக் கத்திப் பிறகு கத்தாமல் விட்டா. மருத்துவிச்சி கதவைத் திறந்து, "பிள்ளை தங்காது! ஆரேன் வேதக்கார ஆம்பிளை நிண்டாக் கூப்பிடுங்கோ, கெதியா!" என்றா. எங்கள் கத்தோலிக்க ஆட்களில் பிள்ளை சாகிற தறுவாயில் பிறந்தால் சுவாமி வருமட்டும் பார்த்திருக்க மாட்டார்கள். பக்கத்தில் நிற்கிறவர் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். ஏந்துவதற்கு ஒரு ஞானத்தகப்பன் வேண்டும். படலையடியில் நின்றவர் பாண்காரர். அம்மம்மா அவரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனா. போகிற போக்கில் அவர் செருப்பைக் கழற்றியதும், மாவுக் கையை வாளித் தண்ணீரில் கழுவியதும் எனக்குத் தெரியும்.

வெளியே வந்தபோது அவருடைய சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. முற்றத்து மண்ணில் எனக்குப் பக்கத்தில் இருந்தார். பணிஸ் ஒன்றை எடுத்துத் தந்தார்.

"ஏன் அழுறீங்கள்?"

"அழேல்லைப் பிள்ளை. கண்ணிலை மண் பட்டிட்டுது."

தம்பி மூன்று மணித்தியாலம் இருந்தான். கோயில் சேமக்காலையில் முழ நீளத்துக்கு ஒரு கல்லறை. பாண்காரர் ஏந்தினது மருத்துவிச்சிக்கும் அம்மம்மாவுக்கும் அம்மாவுக்கும் மட்டுமே தெரியும். மருத்துவிச்சி அடுத்த வருடமே செத்துப்போனா. நாலு வயதுப் பிள்ளைக்கு என்ன நினைவிருக்கப்போகிறது என்று மற்ற இருவரும் நினைத்துக்கொண்டார்கள். தோழியரே, பணிஸ் சம்பந்தப்பட்டிருந்தால் நாலு வயதிலும் நினைவிருக்கும்.

இப்போது பதினொரு வயதுக்கு வருவோம். சோளகக் காற்றுத் தூக்கிய காலம். சோற்றிலும் மண், தலையணையிலும் மண். அந்த மாதங்களில் அம்மம்மா ஒரு நாள் மீன் கடகம் இல்லாமல், நல்ல சீலை உடுத்து வங்காலைக்குப் போய் வந்தா. அப்படியிருந்தும் நான் மீன் விற்கப் போனா என்று நினைத்தேன். அம்மா மெசினில் கால் பங்கு வேலையும் முக்கால் பங்கு யோசனையுமாக இருந்தா. இன்னொரு நாள் அலுமாரியில் சந்தன நிறத்தில் ஒரு புதுச் சீலை கண்டேன். "ஆருக்கு?" என்றால், "தைக்க வந்தது" என்றா அம்மா. சீலையை யார் தைக்கக் கொடுப்பார்கள்? அதைக் கேட்க எனக்குப் புத்தி வரவில்லை.

இன்றைக்கு யோசித்தால், அவர்கள் இருவரும் செய்த ஒரே பிழை அதுதான். எனக்குச் சொல்லவில்லை. கேட்டால், சின்னப் பிள்ளைக்கு என்னத்தைச் சொல்வது என்றிருப்பார்கள்.

கலியாணம் கட்டப் போகிறவர்களின் பெயரை மூன்று ஞாயிறு பூசையில் சுவாமி வாசிப்பார். ஓலை வாசிப்பது என்போம். தடை அறிந்தவர்கள் சொல்லவேண்டும் என்றும் கேட்பார். ஒரு ஞாயிறு, பிரசங்கம் முடிந்து, வழக்கம்போல நான் முன் வரிசைப் பெட்டைப் பிள்ளைகளுக்குத் தும்மல் நடித்துக்கொண்டிருக்கையில், சுவாமி என் அம்மாவின் முழுப் பெயரை வாசித்தார். அடுத்ததாக ஒரு ஆணின் பெயர். எனக்கு அந்த ஆளைத் தெரியவில்லை. பாண்காரருக்கு ஒரு பெயர் இருக்கும் என்றே நான் நினைத்திருக்கவில்லை. பின்னாலிருந்த கிழவி, "உது எங்கட பாண்காரனெல்லே!" என்ற பிறகுதான் விளங்கியது.

கோயில் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. ஊரையே நடித்துக் காட்டுகிற என்னிடம் அந்த நேரம் ஒரு முகமும் கைவசம் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "பிறகு கதைப்பம்" என்றா. அந்தப் பிறகு வரவில்லை. அதற்குப் பதிலாக அடுப்படியில் அவர்கள் இருவரும் கதைத்தது வந்தது.

"முதல்லை நான் வங்காலைக்குப் போறனம்மா. பெட்டை இஞ்ச நிக்கட்டும்."

"நிக்கட்டும். என்ர கையுக்கை நிண்டாத்தான் ஒழுங்கா வளரும்."

"போங்கோம்மா, நீங்களும் உங்கட வளர்ப்பும்." சத்தமில்லாத சிரிப்பு. அம்மாவின் தோள் குலுங்கியிருக்கும்.

அதற்குப் பிறகு, பள்ளிக்கூடத் தவணை முடிய என்னையும் கூட்டிக்கொண்டு போவது பற்றி ஏதோ சொல்லியிருக்கிறார்கள். நான் அதற்கு நிற்கவில்லை. அம்மா என்னை விட்டுவிட்டுப் போகப் போகிறா, அதுவும் சிரித்துக்கொண்டு. அது போதும் எனக்கு.

அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. அந்தக் கிழமை சனிக்கிழமை ஞானோபதேச வகுப்பு. முப்பது பிள்ளைகள், ஒரு சிஸ்டர், ஒரு பிரம்பு. பாடம் மெய்விவாகம். சிஸ்டர் பழைய காலத்து மனுசி. தடைகளை விரல் மடக்கி எண்ணினா. "இரத்த உறவு. அடுத்தது ஞான உறவு. ஒரு பிள்ளையின்ர ஞானத்தகப்பனும் அந்தப் பிள்ளையைப் பெத்தவளும் அண்ணன் தங்கச்சி மாதிரி. கலியாணம் கட்டக்கூடாது. ஆர் உதாரணம் சொல்லுவீங்கள்?"

கை தூக்கினேன்.

"எங்கட அம்மாவும் பாண்காரரும், சிஸ்டர்."

சொல்லிவிட்டு, 'பாம்' என்று ஒரு ஹோர்னும் அடித்தேன்.

தோழியரே, அது என் வாழ்க்கையில் கிடைத்த முதல் பெரிய சிரிப்பு. முப்பது பேர். இருந்த வாங்குகளிலேயே வரிசை வரிசையாகச் சரிந்தார்கள். நீங்கள் தை மாதத்தில் சிரித்தது அதற்குக் கிட்டவும் வராது. சிஸ்டர் பிரம்பை மேசையில் அடித்து, "என்னடி சொல்லுறாய்?" என்றபோது, சிரிப்பின் வெறியில் நான் முழுவதையும் சொன்னேன்: கதவு, மருத்துவிச்சி, தண்ணீர், நனைந்த சட்டை. சொல்லி முடிக்க ஒருவரும் சிரிக்கவில்லை. சிஸ்டர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டா.

முப்பது பிள்ளைகள் முப்பது வீடுகளுக்குப் போனார்கள்.

அந்தச் சட்டம் கோயிலே கைவிட்ட பழைய சட்டம் என்று சுவாமி அன்றைக்கே சொன்னாராம். கோயில் கைவிட்டதை ஊர் கைவிடவில்லை. "கூடப்பிறந்த முறையானைக் கட்டுறதோ" என்று தொடங்கியது. அதோடு நின்றிருந்தால் தாங்கியிருக்கலாம். பின்னேரம் கிணற்றடியில் வேறு கணக்கு ஓடியது. புருசன் செத்து ஐந்து மாதத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளை. பாண்காரன் அண்டைக்கு ஏன் அந்த முற்றத்தில் நின்றவன்? ஏன் அவன் அழுதவன்? பாணுக்குத்தான் வந்தவனோ, அதுக்கு முந்தியும் வந்தவனோ?

அவர் அழுததைச் சொன்னதும் நான்தான்.

அம்மா வெறும் வாளியோடு கிணற்றடியிலிருந்து வந்தா. நான் வாசல்படியில் இருந்தேன். அம்மம்மா முற்றத்தில் பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தா.

"இஞ்ச வா," என்றா அம்மா. அடிக்கவில்லை. என் இரண்டு தோளையும் பிடித்தா. "தம்பியை ஏந்தினது ஆரெண்டு உனக்கு ஆரடி சொன்னது?"

நானே பார்த்தேன், எனக்கே நினைவிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் குற்றம் முழுவதும் என் தலையில். வங்காலைக்கு என்னை ஒருநாளும் கூட்டிக்கொண்டு போகமாட்டா. இனி ஒருநாளும் என் நடிப்புக்குத் தோள் குலுங்காது. இவ்வளவும் ஒரு மூச்சுக்குள் யோசித்தேன். நான் கெட்டிக்காரப் பிள்ளை.

"அம்மம்மா," என்றேன்.

அதுதான் அந்த ஒரு சொல்.

மீன் வெட்டிய கத்தி நின்றது. அம்மம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தா. இடுப்பில் கையில்லை, கண் சுருங்கவில்லை. அதெல்லாம் உங்களுக்காக நான் பிறகு சேர்த்தது. கையில் செதிலோடு, வாய் கொஞ்சம் திறந்தபடி என்னைப் பார்த்தா. பிறகு அம்மாவைப் பார்த்தா. பெட்டை பொய் சொல்லுறாள் என்று அவ ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும்.

"ஓம். நான்தான் சொன்னனான்."

"நீங்களோ?" அம்மாவின் குரல் மிகச் சின்னதாக வந்தது. "நீங்கள்தானேயம்மா வங்காலைக்குக் கேட்டுப் போனனீங்கள்? நீங்கள்தானே சீலை எடுத்தனீங்கள்?"

"எடுத்தனான். பிறகு மனம் கேக்கேல்லை. நான் இருபத்தாறிலை தனிய நிண்டனான். ஆரும் எனக்கு ஓலை வாசிக்கேல்லை. நீயும் நில்லன்."

ஊர் எதிர்பார்த்த அம்மம்மா அப்படித்தான் பேசுவா. அதனால் அம்மா நம்பினா. நான்கூட ஒரு கணம் நம்பினேன்.

அம்மா வாளியைக் கீழே வைத்தா. "இனி என்னோட கதையாதேங்கோ," என்றா. அவ்வளவுதான். கத்தவில்லை.

அடுத்த நாள் ஞாயிறு. விடிய முன்னமே அம்மா சுவாமியிடம் போய், மூன்றாம் ஓலையை வாசிக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தா. திங்கட்கிழமை பாண்காரர் வந்தார். ஹோர்ன் அடிக்கவில்லை. சைக்கிளைப் படலையில் சாத்திவிட்டு நின்றார். அம்மா படலைக்கு இந்தப் பக்கம் நின்றா.

"சுவாமியோட கதைச்சனான். தடையொண்டும் இல்லையாம். ஊர் கதைச்சா எனக்கொண்டும் இல்லை," என்றார்.

"எனக்கு இருக்கு," என்றா அம்மா. "என்னைக் கதைச்சாப் பரவாயில்லை. அந்தப் பிள்ளை மூண்டு மணித்தியாலம் இருந்தது. அதையெல்லே கதைக்கினம். நான் உங்களைக் கட்டினா, அதுதான் உண்மையெண்டு போயிடும். அது அதின்ர தேப்பன்ர பேரோட கிடக்கட்டும்."

அவர் சைக்கிள் கைபிடியைத் துடைத்தார். பிறகு பெட்டியைத் திறந்தார். என்னைக் கூப்பிட்டார். யார் சொன்னது, யார் சிரிக்க வைத்தது எல்லாம் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது, ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. பணிஸை என் கையில் வைத்தார். யாரைப் பிடித்தாய் என்று கேட்கவில்லை.

நான் அதைத் தின்றேன், தோழியரே. வேலிக்குப் பின்னால் போய் நின்று, சீனியை நக்கி, முழுவதையும் தின்றேன். பசியும் இருக்கவில்லை.

பிறகு அந்த வழியில் வேறொருவர் பாண் கொண்டுவந்தார். நம்முடையவர் வெள்ளாங்குளம் பக்கம் காடு வெட்டிக் காணி செய்யப் போய்விட்டார் என்று கேள்வி. அதற்குப் பிறகு போர், ஓட்டம், இந்தியா, திரும்பி வருதல். நான் அவரைத் தேடவில்லை. தேட முடியாமல் போயிற்று என்று சொல்ல ஆசை. தேடவில்லை.

அம்மாவும் அம்மம்மாவும் ஒரே கூரைக்குக் கீழே ஒன்பது வருடம் கதைக்காமல் இருந்தார்கள். ஒரே அடுப்பு, ஒரே பானை. அம்மா சமைத்து மூடி வைத்துவிட்டு எழும்பினால் அம்மம்மா வந்து போட்டுச் சாப்பிடுவா. காய்ச்சல் என்றால் அம்மா மல்லித்தண்ணீர் அவித்துக் கட்டிலடியில் வைப்பா, முகம் பார்க்கமாட்டா. நடுவில் நான். ஒருவருக்கொருவர் சொல்லவேண்டியதை என்னிடம் சொல்வார்கள். நான் இரண்டு பக்கத்தையும் நடித்துக் காட்டுவேன். அம்மாவின் தோள் குலுங்குவதும் நின்றுபோனது. அதற்காகத்தானே பொய் சொன்னேன், அதுவும் கிடைக்கவில்லை.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முதல் சுவாமி, "தாயிட்டைச் சொல்லு, அதுதான் உன்ர அபராதம்" என்றார். நான் சுவாமியை மாற்றினேன். இரண்டாமவரும் அதையே சொன்னார். கடைசியில் காது மந்தமான ஒரு வயதான சுவாமியைக் கண்டுபிடித்தேன். அவர் மூன்று அருள்நிறை மந்திரத்தோடு விட்டார். பெரிய மனுசர்.

பதினைந்து வயதில் ஒரு தரம், வாடியில் அம்மம்மாவுக்கு உப்பு அள்ளிக் கொடுத்துக்கொண்டு நின்றபோது, "அம்மாட்டை நான் சொல்லப்போறன்" என்றேன்.

"என்னத்தை?"

"உங்களுக்குத் தெரியும்."

அவ ஒரு மீனைத் திருப்பி வைத்தா. "சொல்லு. நாலு வருசம் நான் கதை பேச்சில்லாமக் கிடந்ததை வீணாக்கு. அவளுக்கு நீயும் இல்லாமப் போகட்டும். பிறகு ரெண்டு பேருமாச் சேந்து என்னைக் கும்பிடுங்கோ." பிறகு, "உப்பைப் போடடி, மீன் பழுதாகுது," என்றா.

உப்பைப் போட்டேன். சொல்லவில்லை. அவ மறித்ததால் சொல்லவில்லை என்று இத்தனை வருடமும் எனக்குள் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவ மறிக்கவேண்டும் என்றுதான் அவவிடம் போய்க் கேட்டேன். மறிக்காதவரிடம் ஏன் கேட்கவேண்டும்?

என் இருபதாவது வயதில் அம்மம்மா செத்தா. கடைசி மூன்று நாளும் அம்மாதான் துடைத்து, கழுவி, பால் பருக்கினா. ஒரு வார்த்தை இல்லை. பெட்டி மூடும்போது அம்மா மற்றப் பக்கம் திரும்பி நின்றா.

பிறகு எனக்கு மகள் பிறந்தாள். அவளுக்குக் கதை சொல்லத் தொடங்கினேன். பாண்காரர் கதை நல்ல கதை: ஹோர்ன் இருக்கிறது, நொண்டி நடை இருக்கிறது, கெட்ட கிழவி இருக்கிறா. மகள் தன் மகளுக்கும் அதைச் சொன்னாள். உங்களுக்கும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நடந்த மாதிரி வந்தது. கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள் சிரித்தால் பொய் கொஞ்சம் கொஞ்சமாக நிசமாகும். இது என் தொழில் இரகசியம்.

இந்த நவம்பரில், இறந்தோர் நாளுக்கு மகள் வவுனியாவிலிருந்து பிள்ளையோடு வந்திருந்தாள். அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது. என்னோடு டவுனில் இருக்கிறா. ஓட்டோ பிடித்து நாலு பெண்களும் பழைய ஊர்ச் சேமக்காலைக்குப் போனோம். வழக்கம் இதுதான்: அம்மா அப்பாவுக்கும் தம்பிக்கும் மெழுகுதிரி கொளுத்துவா. அம்மம்மாவின் கல்லறையைக் கடந்துபோவா. நான் பின்னால் வந்து கொளுத்துவேன்.

இந்த முறை என்னை முந்திக்கொண்டு பேத்தி கொளுத்திவிட்டாள். பதினொரு வயது. அம்மாவிடம் ஓடிப்போய், "பூட்டி, இவவுக்கு மட்டும் ஏன் நீங்கள் கொளுத்தேல்லை?" என்று கேட்டாள்.

"அவ என்ர வாழ்க்கையைக் கெடுத்தவ, குஞ்சு," என்றா அம்மா. கோபமில்லாமல், வெயில் என்று சொல்வதுபோலச் சொன்னா.

"ஓ, பாண்காரர் கதையிலை வாற ஆளோ!" என்றாள் பேத்தி. திரும்பிப் போனாள். குனிந்து, அம்மம்மாவின் கல்லறையிலிருந்த மெழுகுதிரியை ஊதி அணைத்தாள். அணைத்துவிட்டு, நான் பாராட்டுவேன் என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

என் மகளும் சிரித்தாள்.

அன்று பின்னேரம் மகளும் பேத்தியும் கடைக்குப் போனபிறகு, அம்மாவுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். பகிடி ஒன்றோடு தொடங்கப் பார்த்தேன். வாய்க்கு ஒன்றும் வரவில்லை. அப்படியே சொன்னேன். அம்மம்மா எனக்கு ஒன்றும் சொல்லவில்லை, நான் கண்டது எனக்கு நினைவிருந்தது, உங்களுக்குப் பயந்து அவவின் பேரைச் சொன்னேன், அவ எனக்காக ஓமென்றா. நாலு வசனம். இந்த நாலு வசனத்துக்கு ஐம்பத்து மூன்று வருடம்.

அம்மா கையைப் பார்த்துக்கொண்டிருந்தா. நூல் பிடித்துப் பிடித்து வளைந்த சுட்டுவிரலை மற்றக் கையால் தடவிக்கொண்டிருந்தா.

"ஏன் இப்ப சொன்னனீ?"

"உங்களுக்குத் தெரியவேணுமெல்லேம்மா."

"எனக்காகவெண்டு சொல்லாத." விரலைத் தடவிய கை நின்றது. "ஒன்பது வருசம் அந்த மனுசி என்ர முதுகைப் பாத்துக்கொண்டு இருந்தது. சாகேக்கை வாயைத் திறந்து திறந்து மூடினது. தண்ணியாக்குமெண்டு பருக்கினனான்."

நான் அழுதேன். அதை இங்கே எழுதுவதற்கும் வெட்கமாக இருக்கிறது. அழுதால் ஆறுதல் சொல்லவேண்டிய வேலையும் அவவுக்கு வந்துவிடும் அல்லவா. அவ ஆறுதல் சொல்லவில்லை.

"என்னோட கோவியுங்கோம்மா," என்றேன். "கதையாதேங்கோ. அடியுங்கோ. அவவோட இருந்த மாதிரி என்னோடையும் இருங்கோ."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தா.

"உன்னோட கோவிச்சா எனக்கு ஆரடி சோறு போடுறது?"

நான் சிரித்துவிட்டேன். வாய்ப் பழக்கம். நல்ல பகிடி ஒன்று விழுந்தால் என்னை அறியாமல் சிரிப்பு வந்துவிடும். சிரித்துக்கொண்டே அம்மாவின் தோளைப் பார்த்தேன்.

தோள் அசையவில்லை. அவ பகிடி விடவில்லை. கேட்டதற்குப் பதில் தெரியாமல், பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா.